எல்லைக்கோடு யாரைக் காக்க?

(மருத்துவ, செவிலிய மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



நோயாளியிடம் எல்லை மீறக் கூடாது என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிமுறைகளும், தொழிலைப் பயன்படுத்தி நோயாளியோடு முறையற்ற உறவு வைத்தால் ஒழுங்கு நடவடிக்கை உண்டு என்கின்றன. "அவரும் சம்மதித்தாரே" என்று சமாதானம் சொல்ல முடியாது. உடலையும் ரகசியத்தையும் நம்பி ஒப்படைத்தவரால் அத்தனை எளிதில் மறுத்துப் பேச முடியாது. அவரைக் காக்கத்தான் அந்தக் கோடு.

இன்னொரு கோடும் இருக்கிறது. 1929 டிசம்பரில் 'யங் இந்தியா' இதழில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் காத்தியவாரைச் சேர்ந்த தீண்டப்படாத சாதி ஆசிரியர். பிரசவமான சில நாளில் அவர் மனைவி நோயில் விழுந்தார். குடியிருப்புக்குள் வர மாட்டேன் என்றார் மருத்துவர். பிள்ளை பெற்றவளை வெளியே கொண்டுவந்தார்கள். மருத்துவர் தெர்மாமீட்டரை ஓர் இஸ்லாமியரிடம் கொடுத்தார். அவர் கணவரிடம், கணவர் மனைவியிடம். அதே வழியில் அது திரும்பியது. தொடாமலே நிமோனியா என்றார். அந்தப் பெண் இறந்துபோனார். அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் இதை எடுத்தெழுதியிருக்கிறார்.

அந்தத் தூரம் காத்தது நோயாளியை அல்ல, மருத்துவரின் சாதியை.

செவிலியராக வார்டில் நான் இன்றும் பார்க்கிறேன். நாடி பிடிக்கத் தயங்குகிறவர், தெருப் பெயரைத் துருவிக் கேட்கத் தயங்குவதில்லை. அப்பா வயதுக்காரரை "வா, போ" என்கிறார். குடிதண்ணீர், தொற்று பற்றி அறிய "எந்த ஊர்?" என்று கேட்டால் அது மருத்துவம். "ஊரா, காலனியா?" என்று கேட்டால் அது சாதி விசாரணை. அதுவும் எல்லை மீறல்தான்.

2002 விதிமுறைகளின் உறுதிமொழியில் மதம், தேசம், இனம், கட்சி அரசியல், சமூக நிலை எல்லாம் இருக்கின்றன. சாதி என்ற சொல் இல்லை. சமூக நிலையில் சாதியும் அடங்கும் என்பார்கள். 2017 மனநலச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சாதியைப் பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடுக்கிறது. அங்கே எழுத முடிந்ததை இங்கே ஏன் எழுதவில்லை?

தோழர்களே, சிகிச்சைக்குத் தேவையானதை மட்டும் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லுங்கள். தொடும் முன் அனுமதி கேளுங்கள். தொட வேண்டிய இடத்தில் தயங்காமல் தொடுங்கள். பக்கத்தில் இருப்பவர் சாதியைத் துருவினால், "இது எதுக்கு சார்?" என்று அங்கேயே கேளுங்கள். உறுதிமொழியில் சாதி என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்லி உங்கள் கல்லூரியிலிருந்தே மனு எழுதுங்கள்.

ஜெய்பீம்.