ஓய்வுநாளின் விலை



ஞாயிற்றுக்கிழமைகளில் சிலாபம் கடற்கரையில் பல வள்ளங்கள் கரையிலேயே கிடக்கும். கத்தோலிக்க மீனவர்கள் பூசைக்குப் போகும் நாள் அது. கடல் அமைதியான பருவத்தில் ஒரு நாள் உழைப்பை விடுவது, கடன்பட்டு வலை வாங்கியவனுக்கு இலேசான காரியமா? இவ்வழக்கத்தின் மூலத்தைத் தேடினால் யூதரின் சனிக்கிழமை ஓய்வுநாளுக்கே போய்ச் சேருவோம்.

பாலைவனத்தில் மன்னா பொழிந்ததை வேதாகமம் சொல்கிறது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பொறுக்க வேண்டும். மறுநாளுக்கென்று வைத்தால் புழுத்துவிடும். ஆறாம் நாள் மட்டும் இரட்டிப்பாய்ப் பொறுக்கலாம்; அது கெடாது. ஏழாம் நாளும் சிலர் தேடிப் போனார்கள், வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்த இரட்டைப் பங்கின் நினைவாகத்தான் யூதர் வீடுகளில் ஓய்வுநாள் விருந்துக்கு இன்றும் இரண்டு அப்பங்கள் வைக்கிறார்கள்.

யூத மரபு கட்டளைகளை 613 என்று எண்ணும். அவற்றில் 365 "செய்யாதே" என்பவை. நம்பிக்கையைச் சோதிப்பவை இவைதான் என்பது என் எண்ணம். கடவுளை நம்புகிறேன் என்று சொல்லச் செலவில்லை. கடையைப் பூட்டச் செலவுண்டு.

அதற்காகச் சோம்பியிருக்கச் சொல்லவில்லை. 11ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த பஹ்யா இப்னு பகூதா, 'இதயத்தின் கடமைகள்' என்ற நூலில் ஒரு பகுதி முழுவதையும் இறைநம்பிக்கைக்கே ஒதுக்கினார். பிழைப்புக்கு உழைக்கத்தான் வேண்டும் என்கிறார் அவரும். உழைப்புத்தான் சோறு போடுகிறது என்று எண்ணிவிடாதே என்பதே அவருடைய எச்சரிக்கை.

இன்னொன்று. கடலில் ஒருவன் தத்தளித்தால், ஓய்வுநாளானாலும் வள்ளத்தைத் தள்ளத்தான் வேண்டும். உயிரைக் காக்க அந்நாளை மீறுவது யூதச் சட்டத்தில் வெறும் அனுமதியல்ல, கடமை.