காயும் நேரத்தில் கூடும் ஒழுங்கு

வேதியியல் ஆசிரியர் ஒருவரின் நினைவாக அமைந்த இந்த அறக்கட்டளையின் மேடையில், மின்சாரம் கடத்தும் பாலிமர் படலங்களுக்குள் படிகம் எப்படி உருவாகிறது, அதை எப்படி நம் வசப்படுத்துவது என்பதைப் பேச வந்திருக்கிறேன்.

1977-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். ஷிராகாவா, மெக்டயார்மிட், ஹீகர் மூவரும் பாலிஅசிட்டிலீன் படலத்தில் அயோடின் ஆவியைச் செலுத்தி, அதன் மின்கடத்தும் திறன் பல லட்சம் மடங்கு உயர்வதை அந்த ஆண்டில்தான் அறிவித்தார்கள். 2000-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. இது பாடநூல்களில் இருக்கிறது. அதே 1977-இல் பெங்களூரில் நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். சந்திரசேகர், பி. கே. சதாசிவா, கே. ஏ. சுரேஷ் ஆகியோர், தட்டு வடிவ மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூண்களாக நிற்கும் புதிய திரவப் படிக நிலையைக் கண்டு ‘பிரமாணா’ இதழில் வெளியிட்டார்கள்.

இந்தச் சந்திரசேகர் விண்மீன்களை ஆராய்ந்த சந்திரசேகர் அல்லர். அவர் சி. வி. இராமனின் அண்ணன் மகன். இவர் சகோதரி மகன். இராமனின் முன்னோர் நம் தஞ்சைச் சீமையின் மாங்குடி, புரசக்குடிப் பக்கத்து நிலக்காரர்கள். ஆனால் பெங்களூர்க் கண்டுபிடிப்பை ஊர்ப்பெருமைக்காகச் சொல்லவில்லை. அடுக்கு சரியாக அமைந்தால் கரிமப் பொருளிலும் மின்னூட்டம் தடையில்லாமல் ஓடும் என்பதற்கு அந்தத் தூண்கள் பின்னாளில் நல்ல சான்றாயின. 1994-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் அளந்தபோது, அத்தகைய ஒரு பொருளில் மின்னூட்டங்கள் அன்றைய பாலிமர்களில் ஓடியதைவிடப் பல மடங்கு வேகமாக ஓடின.

இனி பாலிமருக்கு வருவோம். இந்தத் துறையில் எல்லாரும் முதலில் கையில் எடுப்பது பாலி-ஹெக்ஸைல்தயோஃபீன். ஆய்வகத்தில் அதைப் ‘பி3எச்டி’ என்பார்கள். அதை ஒரு கரைப்பானில் கரைத்து, சுழலும் கண்ணாடித் தகட்டில் ஊற்றினால், கரைப்பான் ஆவியாகி ஐம்பது, நூறு நானோமீட்டர் தடிமனில் செந்நீலப் படலம் நிற்கும். அதற்குள் தயோஃபீன் வளையங்கள் சுமார் 3.8 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் முகத்தோடு முகம் அடுக்கியிருக்கும். பக்கச் சங்கிலிகள் இருக்கும் திசையில் அடுக்குக்கும் அடுக்குக்கும் இடைவெளி சுமார் 16 ஆங்ஸ்ட்ராம். மின்னூட்டம் முதல் திசையில் எளிதாகத் தாவும். இரண்டாம் திசையில் வழி மறித்து நிற்பது மெழுகு போன்ற ஹைட்ரோகார்பன் சங்கிலி; அது மின்காப்புப் பொருள்.

ஆகவே படிகங்கள் எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கின்றன என்பதே முதல் கேள்வி. 1999-இல் கேம்பிரிட்ஜில் சிரிங்ஹவுஸும் தோழர்களும் அதற்கு விடை சொன்னார்கள். ஒரே வகைப் பாலிமர்தான். வளையங்கள் விளிம்பில் நின்ற படலத்திலும் தட்டையாகப் படுத்த படலத்திலும் மின்னூட்ட ஓட்டம் நூறு மடங்குக்கும் மேல் வேறுபட்டது. டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் படலத்தின் நீளவாக்கில் போக வேண்டும். அதற்கு விளிம்பில் நிற்பது நல்லது. சூரிய மின்கலத்தில் மேலிருந்து கீழே போக வேண்டும். அங்கே படுத்திருப்பது நல்லது. எது நல்ல படலம் என்பது வேலையைப் பொறுத்தது.

படிகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற இரண்டாவது கேள்விக்கு வந்த விடைதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. படிகம் கூடக் கூட மின்சாரம் நன்றாக ஓடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2003-இல் ஸ்டான்ஃபோர்டில் கிளைனும் மெக்ஜீஹியும் குட்டைச் சங்கிலிகளையும் நெட்டைச் சங்கிலிகளையும் ஒப்பிட்டார்கள். குட்டைச் சங்கிலிப் படலத்தில்தான் படிக ஒழுங்கு அதிகம். ஆனால் நெட்டைச் சங்கிலிப் படலத்தில் மின்னூட்டங்கள் ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகமாக ஓடின. நீண்ட சங்கிலி ஒரு படிகத்தில் தொடங்கி, ஒழுங்கற்ற இடத்தைக் கடந்து, அடுத்த படிகத்தில் நுழைகிறது. அந்தப் பாலம் இல்லாவிட்டால் அழகான படிகங்கள் தனித்தனித் தீவுகளாக நின்றுவிடும். 2013-இல் நொரியேகாவும் உடன் ஆய்ந்தவர்களும் பல பாலிமர்களை வைத்து இதை உறுதிப்படுத்தினார்கள்: சின்னச் சின்ன ஒழுங்குத் திட்டுகள், அவற்றை இணைக்கும் நீண்ட சங்கிலிகள், இவை போதும்.

நோக்குநிலை, இணைப்பு இரண்டையும் எங்கே பிடித்து மாற்றுவது? பெரும்பாலும் காயும் நேரத்தில். குளோரோஃபார்ம் 61 பாகை செல்சியஸில் கொதிக்கும். சுழலும் தகட்டிலிருந்து நொடிகளில் பறந்துவிடும், சங்கிலிகளுக்கு இடம் பார்த்து அமர நேரமில்லை. டிரைகுளோரோபென்சீன் 213 பாகை வரை கொதிக்காது. மெதுவாகப் போகும், அடுக்கு நன்றாக அமையும். காய்ந்த பிறகும் 150 பாகை அளவில் சூடேற்றியோ கரைப்பான் ஆவியில் வைத்தோ திருத்தலாம். ஆனால் முதலில் தவறவிட்டதை எல்லாம் பிறகு மீட்க முடியாது.

இதைக் கேட்கும் தஞ்சை மக்களுக்கு நெல் அவிக்கும் களம் நினைவுக்கு வரும். வந்தால் அது சரியான நினைவு. மாவுச்சத்தும் பாதி படிகமான பாலிமர்தான். நெல்லை ஊறவைத்து ஆவியில் அவிக்கும்போது அமைலோபெக்டின் படிகங்கள் குலைகின்றன. ஆறிக் காயும்போது சங்கிலிகள் வேறுவிதமாகக் கூடி இறுகுகின்றன. சுள்ளென்ற வெயிலில் ஒரே மூச்சில் காயவைத்தால் அரிசிக்குள் விரிசல் விழுந்து ஆலையில் குருணையாகும். அதனால்தான் ஓரளவு காய்ந்ததும் குவித்து மூடி, உள்ளீரம் வெளியே பரவ விட்டு, மறுபடி பரப்புகிறார்கள். 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் சிறு ஆய்வகமாகத் தொடங்கி, நெல் பதன ஆராய்ச்சி மையமாக வளர்ந்து, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாகத் தஞ்சையின் புதுக்கோட்டைச் சாலையில் நிற்கும் நிலையம் இந்தக் கேள்விகளோடு பல பத்தாண்டுகள் பழகியது. திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தின் நானோ தொழில்நுட்ப மையம் இருக்கிறது. பாலிமர் காயும் கதையை ஒருவர் அரிசியில் படிக்கிறார், இன்னொருவர் படலத்தில் படிக்கலாம். இருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

காரணம் வயலிலேயே இருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் தளர்வு கேட்டு மனு போகும். 2022-இல் 19 சதவீதம் வரை தளர்த்தினார்கள். மூட்டைக்கு மூட்டை ஈரத்தைக் காட்டும் மலிவான உணரியை மைபோல அச்சடித்துச் செய்ய முடியுமென்றால், அதற்கு ஏற்ற பொருள்களில் கடத்தும் பாலிமர் ஒன்று. ஆனால் அதன் படிக அமைப்பு தகட்டுக்குத் தகடு மாறினால் அளவும் மாறும். விவசாயி அதை நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. படிகத்தைக் கட்டுப்படுத்துவது இங்கே அழகுக்கான வேலையாக இல்லாமல் நியாயமான எடைக்கும் விலைக்குமான வேலையாகிறது.

ஒரு தடையும் உண்டு. பி3எச்டி காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று மாறும். காற்றின் ஈரமும் அளவீட்டைக் குழப்பும். குளிரூட்டிய சுத்த அறையில் எழுதப்பட்ட செய்முறைகள் ஐப்பசி மழையில் நம் ஆய்வகத்தில் அதே பலனைத் தரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐப்பசியில் வார்த்த படலங்களையும் பங்குனியில் வார்த்த படலங்களையும் ஒரு முதுகலை மாணவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இந்தோரில் உள்ள இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில் எக்ஸ்-கதிர் அளவீடுகளுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த மாணவரின் பயணச் செலவையும் கரைப்பான் செலவையும் அடுத்த ஆண்டு முதல் இந்த அறக்கட்டளை ஏற்க வேண்டும் என்று அறங்காவலர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.