நிலையத்துக்குப் பக்கத்தில் யார் குடியிருப்பது?



கூடலூருக்கு ரயில் கிடையாது. மலை ரயில் 1899இல் குன்னூரை எட்டியது, 1908இல் உதகையை எட்டியது, அதோடு நின்றுகொண்டது. ரயிலே வராத ஊரின் இலக்கிய மேடையில் மெட்ரோ நிலையத்தைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் கேட்டார்கள். தோட்டக் கூலி கட்டாமல் எங்கள் பிள்ளைகளில் பலர் கோவைக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் இறங்கிவிட்டார்கள் என்பது ஒரு பதில். இன்னொன்று பட்டா. நிலத்துக்கு மதிப்பு வந்த பிறகு, கையில் காகிதம் இல்லாமல் அதில் குடியிருப்பவரை அரசு என்ன பெயரிட்டு அழைக்கும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மெட்ரோ வரும் நகரங்களுக்கென்று 2017இல் ஒன்றிய அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. நிலையத்திலிருந்து 500 முதல் 800 மீட்டருக்குள், அதாவது நடந்துபோகும் தூரத்துக்குள், உயரமாகவும் நெருக்கமாகவும் கட்டலாம். வீடு, கடை, அலுவலகம் கலந்திருக்க வேண்டும். கார் நிறுத்தும் இடத்தைக் குறைக்க வேண்டும். இந்தத் திட்டமிடலை நாங்கள் எதிர்க்கவில்லை. கார் வாங்க வழியில்லாதவர்களுக்கு இதைவிட நல்ல நகரம் வேறென்ன? கிராமம் சாதியின் கோட்டை என்பதை நமக்கு உணர்த்தியவர் பாபாசாகேப். நகரத்தில் இடம் கேட்பது நம் அரசியலின் பழைய கோரிக்கைதான்.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. இரண்டு மாடி கட்டிய இடத்தில் எட்டு மாடிக்கு அனுமதி தந்தால், ஒரு செங்கல் வைப்பதற்கு முன்பே மனையின் விலை ஏறிவிடும். ஏறிய விலை பத்திரம் வைத்திருப்பவருக்கு. அதில் ஒரு பங்கைக் கட்டணமாக அரசு எடுத்துக்கொள்ளும். வாடகைக்கு இருப்பவருக்கு வாடகை உயரும். புறம்போக்கில் இருப்பவருக்கு நோட்டீஸ் வரும். அனுமதிக்கும் கட்டடப் பரப்பில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் எளிய விலை வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று அதே கொள்கை சொல்வது உண்மை. யாருக்கு எளிய விலை? ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு எந்த வங்கி வீட்டுக்கடன் தருகிறது? திட்ட வல்லுநர்கள் ஹாங்காங்கை உதாரணம் காட்டுவார்கள். நிலையங்களின் மேலேயே குடியிருப்புகளைக் கட்டி, நிலத்தின் மதிப்பிலிருந்தே ரயிலுக்குப் பணம் திரட்டிய ஊர் அது. அங்கே மக்களில் சற்றுக் குறையப் பாதிப் பேர் அரசு உதவி பெற்ற வீடுகளில் வாழ்கிறார்கள் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள்.

எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். கூடலூர் ஜென்மம் நிலங்களை ஒழிக்கும் சட்டம் 1969இல் வந்தது. நிலம்பூர் கோவிலகத்தின் கீழிருந்த சுமார் 80 ஆயிரம் ஏக்கரின் தலையெழுத்து அதில் இருந்தது. 17ஆம் பிரிவுக்குள் விழுந்த நிலம் இன்றும் பெரிய அளவில் தீர்வில்லாமல் கிடக்கிறது. அந்த நிலத்தில் பெருந்தோட்டங்களும் இருக்கின்றன, இரண்டு சென்ட் குடிசைகளும் இருக்கின்றன. தோட்டம் வழக்கறிஞர் வைத்துப் பல பத்தாண்டுகள் வழக்கு நடத்துகிறது. குடிசைக்கு மின் இணைப்புக்கூடக் கிடைக்காது, அவர் 'ஆக்கிரமிப்பாளர்'. 1964 ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு லயம் கிடைத்தது. வேலை முடிந்தால் லயமும் முடிந்தது. இந்தச் சொற்பொழிவு எந்தத் தோழரின் நினைவாக நடக்கிறதோ, அவர் அந்த வீடுகளுக்கெல்லாம் மனு எழுதித் தந்தவர். அவர் எழுதிய ஒவ்வொரு மனுவிலும் முதல் வரி, எத்தனை ஆண்டுகளாக அங்கே குடியிருக்கிறார்கள் என்பதுதான்.

இப்போது சென்னையைப் பாருங்கள். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்களை 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகரில் குவித்தார்கள். பிறகு செம்மஞ்சேரி, அதன் பிறகு பெரும்பாக்கம். நகரத்துக்கு வெளியே, வேலைக்கு வெளியே. வீட்டு வேலை செய்த பெண்கள் பேருந்துக்கே கூலியில் பாதியைக் கொடுத்தார்கள். இன்று மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்குப் போகிறது, பழைய மகாபலிபுரம் சாலை வழியாக. கண்ணகி நகரின் வாசலை ஒட்டி. ஒதுக்குப்புறம் என்று தள்ளிய இடம் நிலையத்துக்குப் பக்கத்து இடமாகிவிட்டது. அங்கே எத்தனை குடும்பத்தின் கையில் வெறும் ஒதுக்கீட்டு ஆணை, எத்தனை குடும்பத்தின் கையில் விற்பனைப் பத்திரம்? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் அங்கே தளப்பரப்பைக் கூட்டினால், அடுத்த முறை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள்?

அதே செங்கல்பட்டு மண்ணில்தான் ட்ரெமன்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு, 1892 வாக்கில், பஞ்சமி நிலம் பிறந்தது. காரணை நிலத்துக்காக 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். நகரம் அந்தப் பக்கம் வளர வளர அந்த நிலத்தின் விலை என்ன ஆனது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கோவைக்கு 39 கிலோமீட்டர் மெட்ரோ கேட்டிருந்தார்கள், அவிநாசி சாலையிலும் சத்தியமங்கலம் சாலையிலும். 2011 கணக்கில் மக்கள்தொகை 20 லட்சத்தைத் தொடவில்லை என்று 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிக்கையைத் திருப்பிவிட்டது. எல்லோரும் ஏமாற்றம் என்றார்கள். நாங்கள் இதை அவகாசம் என்கிறோம். உக்கடத்தில் மேம்பாலம் வந்தபோது தூய்மைப் பணியாளர்களின் சி.எம்.சி. காலனி பெயர்ந்தது. குளக்கரைகளை அழகுபடுத்தியபோது கரையிலிருந்தவர்கள் மலுமிச்சம்பட்டிக்கும் கீரணத்தத்துக்கும் போனார்கள். விடிவதற்குள் தெருவில் நிற்க வேண்டியவர்களை நகரத்தின் விளிம்பில் குடியேற்றுவது எந்தத் திட்டமிடல் நூலில் இருக்கிறது?

திருத்திய அறிக்கை ஒருநாள் மறுபடி டெல்லிக்குப் போகும். அது போவதற்கு முன், கோடு வரையப்பட்ட சாலைகளின் இருபுறமும் 800 மீட்டருக்குள் உள்ள புறம்போக்குக் குடியிருப்புகளின் கணக்கெடுப்பு முடிந்திருக்க வேண்டும். பட்டாவோ, அதே வட்டத்துக்குள் வீடோ, நில அறிவிப்புக்கு முன்னதாக எழுத்தில் வர வேண்டும். 30 சதவீதத்தில் ஒரு பகுதி விற்பனைக்கு இல்லாமல் குறைந்த வாடகைக்கு நிற்க வேண்டும். கோவையில் உறவு இருக்கும் தோழர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உக்கடத்திலும் குளக்கரைகளிலும் இருந்தவர்களிடம் பழைய ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீது, ஒதுக்கீட்டு ஆணை எது இருந்தாலும் நகல் எடுத்து வையுங்கள். இந்தத் தோழர் எழுதிய மனுக்களின் கட்டு மன்றத்தில் இருக்கிறது. எப்படி எழுதுவது என்பதற்கு அதுவே மாதிரி.