ஓசை எப்போது கேட்கிறது?

மோட்டார் வண்டியின் பெடல்களிலிருந்து எழும் ஓசைகளைப் பற்றி இன்று பேசப் போகிறேன். இது ஒரு பேச்சுக்குரிய பொருளா என்று மாணவ நண்பர்களில் சிலர் புன்னகை செய்யக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் எவரேனும் இப்படிச் சொல்லியிருந்தால் நானும் புன்னகைதான் செய்திருப்பேன். நான் பௌதிகம் கற்பிப்பவன். ஒலியைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஆயினும் என் காலடியில் எழுந்த ஓர் ஓசையின் பொருள் தெரியாமல் ஒரு மாத காலம் வண்டி ஓட்டினேன்.

எங்கள் ஊர் செந்துறை. அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. எங்கள் வட்டாரம் சுண்ணாம்புக்கல் பூமி. ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்தது. அதில் வாழ்ந்த சிப்பிகளும் பிற உயிர்களும் விட்டுச் சென்ற ஓடுகள் படிந்து இறுகியதே இந்தக் கல். இன்று அதை வெட்டி எடுத்து லாரிகளில் ஏற்றிச் சிமெண்டு ஆலைகளுக்குக் கொண்டு செல்கிறார்கள். லாரி போன வழியெல்லாம் வெண்புழுதி. அது திண்ணையில் படியும், வேப்பிலையில் படியும், காரின் உள்ளே புகுந்து பெடல்களின் அச்சிலும் படியும். ஏழு கோடி ஆண்டுக் கடற்சிப்பி என் பிரேக் பெடலில் வந்து குடியேறியது என்று சொன்னால் அது முற்றிலும் மிகையாகாது.

என் கார் பழைய கார்; கைமாறி வந்தது. ஒரு கோடைக்காலத்தில் பிரேக்கை மிதிக்குந்தோறும் ‘கிறீச்’ என்று ஓர் ஓசை எழத் தொடங்கிற்று. எண்ணெயிடாத கிணற்றுக் கப்பியின் ஓசைபோல் இருந்தது. வீட்டிலிருந்து தேங்காயெண்ணெய் கொண்டுவந்து, குனிந்து, பெடல் தொங்கும் அச்சில் சில துளிகள் விட்டேன். ஓசை அக்கணமே நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்பில்கூட, உராய்வைப் பற்றிய பாடத்தில், இதை ஒரு சான்றாகச் சொல்லிவைத்தேன்.

அந்த வெற்றிதான் எனக்கு வினையாக முடிந்தது. சில வாரங்கள் கழித்து அதே பெடலில் வேறோர் ஓசை கேட்டது. இம்முறை ‘உஸ்’ என்று மெல்லிய சீறல். நான் சிறிதும் யோசிக்காமல் மறுபடியும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தேன். எண்ணெய் விட்டும் சீறல் நிற்கவில்லை. மெல்லிய ஓசைதானே என்று விட்டுவிட்டேன். வண்டி ஓட்டும்போது வானொலிப் பெட்டியைச் சற்று உரக்க வைத்துக்கொண்டேன், சீறல் கேட்கவில்லை. வானொலியிலேயே உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நாள் செல்லச் செல்லப் பெடல் சற்றுக் கடினமாகி வந்தது. சிறிது சிறிதாக வந்த மாறுதலாதலால் கால் அதற்குப் பழகிவிட்டது. மனம் அதைக் கணக்கில் கொள்ளவில்லை. ஒரு நாள் காலை, கல்லூரியில் சேரவிருந்த தமக்கை மகளை அழைத்துக்கொண்டு அரியலூருக்குப் புறப்பட்டேன். முன்னே கல் ஏற்றிய லாரி ஒன்று சென்றுகொண்டிருந்தது. சாலையின் குறுக்கே ஆட்டு மந்தை வரவே, லாரி சட்டென்று நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். பெடல் கருங்கல்போல் நின்றது. வண்டி வேகம் குறையாமல் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கால்களாலும், இருக்கையில் முதுகை ஊன்றி, முழுப் பலத்தோடு அழுத்தினேன். லாரியின் பின்பலகைக்கு ஒரு முழ தூரத்தில் கார் நின்றது. அதன் பிறகு சிறிது நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. முன்கண்ணாடியில் வந்து படிந்த வெண்புழுதியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

வண்டியை ஒரு புளிய மரத்தடியில் ஒதுக்கி நிறுத்திவிட்டு, தெரிந்த மெக்கானிக் ஒருவரை வரவழைத்தேன். முதியவர், அதிகம் படித்தவர் அல்லர். ‘பெடலில் ஓசை கேட்கிறது, பெடல் கெட்டுவிட்டது’ என்று நான் ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். ‘வாத்தியாரய்யா, ஓசை எங்கே கேட்கிறது என்று சொல்கிறீர்கள். எப்போது கேட்கிறது என்று சொல்லவில்லையே!’ என்றார்.

நான் இன்று சொல்ல வந்தது உண்மையில் அந்த ஒரு வாக்கியம்தான். பெடல் என்பது ஒரு நீண்ட சங்கிலியின் நுனி. அதன் மறுமுனையில் எஞ்சின் இருக்கிறது, கியர்ப் பெட்டி இருக்கிறது, நான்கு சக்கரங்களும் இருக்கின்றன. அங்கெல்லாம் எழும் ஓசை இரும்புத் தண்டு வழியாகவும் குழாய் வழியாகவும் நம் காலடிக்கு வந்து சேருகிறது. ஆகவே கேட்கும் இடத்தை வைத்துப் பழுதைக் கண்டுபிடிக்க இயலாது. கேட்கும் வேளையை வைத்துப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

பெரியவர் மூன்று கேள்விகள் கேட்டார். எஞ்சின் ஓடாதபோது மிதித்தாலும் கேட்கிறதா? மிதிக்கும் கணத்தில் மட்டும் கேட்கிறதா, மிதித்துப் பிடித்திருக்கும்போதும் தொடர்கிறதா? வண்டி நிற்கும்போதும் கேட்கிறதா, உருளும்போது மட்டுமா?

எஞ்சின் ஓடாதபோதும் கேட்டால், பழுது பெரும்பாலும் பெடலிலேயே இருக்கிறது. அச்சில் உள்ள புஷ் காய்ந்திருக்கலாம், திரும்ப இழுக்கும் சுருள்வில் உராயலாம், திருகு தளர்ந்திருக்கலாம். என் முதல் ‘கிறீச்’ இந்த வகை. அதற்கு எண்ணெய் விட்டது பாதி சரி, பாதி தவறு என்றார் பெரியவர். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசினாகும். அதில் எங்கள் ஊர்ப் புழுதி ஒட்டிக்கொண்டால் உப்புத்தாள்போல் அச்சைத் தேய்த்துவிடும். துணியால் துடைத்துவிட்டு உரிய கிரீஸைச் சிறிதளவு தடவுவதே முறை. எண்ணெய் வழிந்து பெடலின் மேற்பரப்பில் பட்டால் கால் வழுக்கும் என்பதையும் சொன்னார். அதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

சீறல் ஓசையோ எஞ்சின் ஓடும்போது மட்டுமே கேட்டது. மிதித்துப் பிடித்திருந்த நேரமெல்லாம் தொடர்ந்தது. இதைச் சொன்னவுடனே பெரியவர் தலையசைத்தார். பானெட்டை அவர் இன்னும் திறக்கவில்லை. என்னை ஒரு சோதனை செய்யச் சொன்னார். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிரேக் பெடலை ஐந்தாறு முறை மிதிக்க வேண்டும். பெடல் இறுகிக்கொள்ளும். காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். நல்ல வண்டியானால் அப்போது பெடல் காலின்கீழ் சிறிது இறங்கும். என் வண்டியில் அது அசையவே இல்லை. ‘பூஸ்டர் போய்விட்டது’ என்றார் அவர்.

பூஸ்டர் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இத்தகைய துணைக்கருவியை 1920-களில் பெல்ஜியப் பொறியாளர் டெவாண்டர் என்பவர் வகுத்தார். அது பெடலுக்கு முன்னால் உள்ள ஒரு வட்டமான தகர டப்பா. அதன் நடுவே ரப்பர் சவ்வு ஒன்று டப்பாவை இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது அந்த உறிஞ்சலாலேயே இரு அறைகளிலும் காற்று குறைகிறது. டீசல் வண்டியில் இதற்கெனத் தனிப் பம்பு உண்டு. பெடலை மிதித்தவுடன் ஒரு வால்வு திறந்து, பின்னறைக்குள் மட்டும் வெளிக்காற்றை விடுகிறது. உடனே வளிமண்டலம் சவ்வை முன்னே தள்ளுகிறது.

அதன் பலத்தை நீங்களே கணக்கிடலாம். வளிமண்டல அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோகிராம் எடைக்குச் சமம். சவ்வின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்று கொண்டால் பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர். முன்னறையில் மூன்றில் இரண்டு பங்கு காற்று நீங்கியிருந்தால், கிடைக்கும் விசை ஏறக்குறைய 200 கிலோகிராம் எடைக்கு நிகர். இரண்டு மூன்று ஆட்கள் நம்மோடு சேர்ந்து பிரேக்கை அழுத்துவது போன்றது இது. சவ்வு கிழிந்தால் அந்த ஆட்கள் இறங்கிப் போய்விடுகிறார்கள். பிரேக் அறவே இல்லாமற் போகவில்லை. நம் கால் ஒன்றே எல்லா வேலையையும் செய்ய வேண்டியதாகிறது. நான் இரண்டு கால்களால் உதைத்ததும் வண்டி நின்றது இதனால்தான். நான் கேட்ட ‘உஸ்’ வெளிக்காற்று கிழிசல் வழியே விடாமல் புகுந்துகொண்டிருந்த ஓசை.

கிளட்சுப் பெடலுக்கும் இதே கேள்விதான். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைப் போட்டு, எஞ்சினை ஓடவிட வேண்டும். பெடலை மிதித்தால் இரைச்சல் எழுந்து, காலை எடுத்தால் நின்றுவிடுமானால், ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று ஐயுறலாம். மிதித்தால்தான் அது சுமை தாங்கிச் சுழல்கிறது. மாறாக, காலை எடுத்திருக்கும்போது கேட்டு, மிதித்தவுடன் அடங்கினால், பழுது கியர்ப் பெட்டியின் முன்தண்டைத் தாங்கும் பேரிங்கில் இருக்கலாம். கிளட்சின் மேல் எப்போதும் காலை வைத்துக்கொண்டே ஓட்டுபவர்கள் ரிலீஸ் பேரிங்கை விரைவில் விலைக்கு வாங்குவார்கள்.

பேரிங்கை ஆராயும்போது பெரியவர் நீண்ட திருப்புளியின் நுனியை இரும்பில் ஊன்றி, அதன் கைப்பிடியில் காதை வைத்துக் கேட்பார். பிரான்சு நாட்டில் 1816-இல் லென்னக் என்னும் மருத்துவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு பெண்ணின் இதயத் துடிப்பைக் கேட்டார். ஸ்டெத்தஸ்கோப்பு பிறந்தது அவ்வாறுதான். இருவரும் செய்தது ஒரே காரியம். சுழலும் பெல்ட்டுக்கருகில் இது ஆபத்தான வேலையாதலால், மாணவர்கள் வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வண்டி உருளும்போது மட்டும் பிரேக்கில் கூரிய கீச்சொலி கேட்டால் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். பல கார்களில் பிரேக் பேடு தேய்ந்ததும் வட்டில் உரசி எச்சரிப்பதற்கென்றே சிறு தகடு ஒன்று அமைந்திருக்கிறது. பேடு முற்றிலும் தேய்ந்துபோய் இரும்பும் இரும்பும் அரைபடும் கரகரப்புக் கேட்டால், அன்று அந்த வண்டியை ஓட்டக் கூடாது. இன்றைய கார்களில் வழுக்கும் சாலையில் திடீரென்று பிரேக்கை அழுத்தும்போது பெடல் துடித்துப் ‘படபட’வென்று அதிரும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு வேலை செய்வதன் அறிகுறி அது. பலர் அஞ்சிக் காலை எடுத்துவிடுகிறார்கள், எடுக்கலாகாது. ஆக்ஸிலேட்டரில் ஏதேனும் தட்டுப்பட்டால் முதலில் தரைவிரிப்பையும், உருண்டு வந்த தண்ணீர்ப் புட்டியையும் பாருங்கள். தரைவிரிப்பு பெடலில் சிக்கும் என்ற ஒரே காரணத்துக்காக 2009-இல் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் பல லட்சம் கார்களுக்குத் திரும்ப அழைப்பு விடுக்க நேர்ந்தது.

என் காருக்குப் புதிய பூஸ்டர் பொருத்தினார்கள். செலவைக் கேட்டபோது தேங்காயெண்ணெய் மலிவுதான் என்று தோன்றிற்று. மறு வாரம் அதே சாலையில் அரியலூருக்குப் போனோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். தமக்கை மகள் சட்டென்று நிமிர்ந்து, ‘மாமா, மறுபடியும் உஸ் என்றது!’ என்றாள். ‘எப்போது கேட்டது?’ என்றேன். அவள் என் காலையே கவனித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை மிதிக்கச் சொன்னாள். மிதித்துப் பிடித்திருந்தேன். ரயில் கடந்துபோய் கேட் திறக்கும்வரை பொறுத்திருந்து, ‘மிதிக்கும் கணத்தில் மட்டுந்தான், மாமா. அது வால்வு திறக்கிற ஓசை’ என்றாள்.