புகைபிடித்தலும் நம் மரபினர் கடமையும்

(திருத்தணிகையில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் புகைபிடித்தலை ஒழித்தல் என்பதாம். கல்வி, கைத்தொழில், கூட்டுறவு முதலியவற்றைப் பற்றிப் பேசும் இச்சபையில், ஒருவர் தம் சட்டைப் பையில் வைத்திருக்கும் சிகரெட்டைப் பற்றிப் பேசுதல் அற்ப விஷயமெனச் சிலர் கருதக்கூடும். அங்ஙனமன்று. குடும்பத்தின் வருவாய், குடும்பத் தலைவனின் ஆயுள், குழந்தைகளின் சுவாசம் ஆகிய மூன்றையும் ஒருங்கே உண்ணும் இப்பழக்கம் நம் வீடுகளில் மரியாதைப் பொருளாகவே வரவேற்கப்பட்டு வருகின்றது. ஆதலின் இதனைச் சங்கத்தின் விஷயமாகவே கொண்டு பேசத் துணிந்தேன். இறுதியில் ஒரு விண்ணப்பமும் செய்துகொள்வேன்.

புகை நம் முன்னோர் வழக்கம் என்று கூறுவாருமுளர். இது சரித்திரத்திற்கு ஒவ்வாது. வெற்றிலையும் பாக்கும் நம் நாட்டுக்குப் பழைய பொருள்கள். புகையிலையோ அமெரிக்காக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவிற்கு வந்து, அக்பரின் இறுதிக் காலத்தில் தக்காணத்திலிருந்து மொகலாயர் சபையை அடைந்தது. அவர் மகன் ஜஹாங்கீர் 1617-ஆம் ஆண்டிலேயே அதன் தீமையைக் கண்டு தடையாணை பிறப்பித்தார். இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் அரசர் 1604-இல் இதனைக் கண்டித்து ஒரு நூலே எழுதினார். ஆக, நானூறு ஆண்டு வயதுடைய ஒரு விருந்தாளியை நாம் குலதெய்வத்தோடு ஒப்ப வைத்து உபசரித்து வருகின்றோம். நவவீரர் வழியினர் எனப் பெருமை பேசும் செங்குந்தராகிய நமக்கு, வேலும் தறியுமே முன்னோர் தந்தவை, சிகரெட்டன்று.

இனி இதன் தீமையை ஆராய்வோம். இங்கிலாந்தில் டால், ஹில் என்னும் இரு அறிஞர்கள் 1951-ஆம் ஆண்டு தொடங்கி 34,439 ஆண் மருத்துவர்களின் வாழ்வைத் தொடர்ந்து கவனித்து வந்தனர். ஐம்பதாண்டுகளின் முடிவு 2004-இல் வெளியாயிற்று. புகைபிடிப்பவர், பிடியாதவரைக் காட்டிலும் சராசரியாகப் பத்தாண்டுகள் முன்னதாக இறக்கின்றனர் என்பதே அது. “என் பாட்டனார் சுருட்டுப் பிடித்தும் எண்பது வயது வாழ்ந்தார்” என்று வாதிப்போர் இதனைச் சிந்திக்க வேண்டும். எண்பது வயது வாழ்ந்த பாட்டனாரைக் கண்டவர் பலர். ஐம்பதில் மாண்டவரோ தம் கதையைச் சொல்ல இச்சபைக்கு வருவதில்லை.

இங்கிலாந்து தூரதேசம் எனின், நம் நாட்டு ஆராய்ச்சியையே கேளுங்கள். டாக்டர் கஜலட்சுமி அவர்களும் அவருடன் உழைத்த அறிஞர்களும் சென்னை நகரிலும் விழுப்புரம் ஜில்லாவின் கிராமங்களிலும் இறந்துபோன சுமார் 43,000 ஆடவரின் புகைப்பழக்கத்தை விசாரித்து, உயிரோடிருந்த 35,000 பேருடன் ஒப்பிட்டு, 2003-இல் வெளியிட்டனர். காசநோயால் இறக்கும் அபாயம், புகைபிடியாதவரைவிடப் பிடித்தவர்க்கு ஏறக்குறைய நான்கு மடங்கு எனக் கண்டனர். புற்றுநோயும் மாரடைப்பும் புகையின் பயன் என்பதைப் பலரும் அறிவர். காசநோய்க்கும் புகைக்கும் உள்ள உறவை நம்மவர் அறியார். இரண்டு வாரங்களுக்கு மேற்பட்ட இருமலைப் “புகையிருமல்” என்று தள்ளிவிடாது, அரசாங்க ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அங்கு அதற்குக் கட்டணமில்லை.

“நாங்கள் பிடிப்பது பீடிதானே” என்பாரும் உளர். பீடியின் இலை வேறாயினும் உள்ளே இருப்பது புகையிலையே. நிக்கோட்டின், கரிப்புகை, தார் ஆகியவை சிகரெட்டிற்குக் குறையாமல் அதிலும் உண்டு. பீடி நெருப்பு அடிக்கடி அணையுமாதலால் அதனை ஆழமாகவும் விடாமலும் இழுக்க நேர்கின்றது. மேலும், திருத்தணி, பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டைப் பக்கங்களில் தறித்தொழில் செய்யும் குடும்பங்களில், தறி நிற்கும் இடமே குழந்தை உறங்கும் இடமாகவும் இருத்தல் கண்கூடு. பஞ்சுத் தூசியே மார்புக்குப் போதிய பகையாக இருக்க, அதனோடு புகையையும் சேர்த்தல் தகுமோ? தார் சுற்றும் தாயும், தொட்டிலிற் கிடக்கும் குழந்தையும் ஒரு சிகரெட்டையேனும் பற்றவைத்தவரல்லர். ஆயினும் அவர்களும் அப்புகையைச் சுவாசிக்கின்றனர்.

செலவையும் கணக்கிடுவோம். நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய் எனக் குறைத்து வைப்பினும், ஆண்டிற்கு 18,250 ரூபாய். பத்தாண்டில் 1,82,500 ரூபாய். ஒரு பெண்ணின் கல்லூரிப் படிப்பிற்கு உதவக்கூடிய பொருள் இங்ஙனம் சாம்பலாகின்றது.

இவ்வளவு தீமையும் அறிந்தும் மக்கள் ஏன் விடுகின்றிலர்? அவர்களை மனவலிமையற்றவர் என்று இகழ்தல் நியாயமன்று. புகையிலுள்ள நிக்கோட்டின் சில விநாடிகளில் மூளையை அடைந்து ஒரு பொய்ச் சுகத்தை உண்டாக்குகின்றது. அது குறைந்தவுடன் உடல் மீண்டும் கேட்கின்றது. எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, பசி, மனச்சோர்வு ஆகியவை தோன்றுகின்றன. ஒரு சிகரெட்டைப் பிடித்தவுடன் இவை நீங்குவதால், “இதுவே எனக்கு மருந்து” என அவன் மயங்குகின்றான். நோயைத் தந்ததும் அதுவே என்பது அவனுக்குத் தெரிவதில்லை.

இங்கே நம் ஊர் வழக்கமொன்றை உங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகின்றேன். ஆடிக் கிருத்திகைக் காவடிக்கும் ஐயப்பன் மலைக்கும் நம்மவர் மாலையணிகின்றனர். சிலர் ஒரு மண்டலமாகிய 48 நாள் விரதம் காக்கின்றனர். நாளொன்றுக்கு இருபது சிகரெட்டுப் பிடித்தவரும் மாலை கழுத்தில் ஏறியவுடன் தீப்பெட்டியைத் தொடுவதில்லை. வீட்டார் வியக்கின்றனர், அவரே வியக்கின்றார். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியதும், பஸ் நிலையத்தருகில் முதற் சிகரெட்டு பற்றவைக்கப்படுகின்றது!

இதிற் கவனிக்கத்தக்க உண்மை யாதெனின்: நிக்கோட்டினை விட்டவர்க்கு உண்டாகும் உடல் வேதனை முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சமடைந்து, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் தணிந்துவிடும் என்று மருத்துவர் கூறுகின்றனர். 48 நாள் விரதம் காத்தவரின் உடல் முன்னமே விடுதலை பெற்றுவிட்டது. மாலை கழற்றிய அன்று அவரைச் சிகரெட்டிற்கு இழுப்பது பெரும்பாலும் உடலன்று. “விரதம் முடிந்தது, இனிப் பிடிக்கலாம்” என்ற எண்ணமும், நண்பர் நீட்டும் கையுமே. கடினமான பாதையைக் கடந்தபின் வாயிலில் நின்று திரும்பிவிடுவது போன்றது இது. ஆகவே, ஆண்டுதோறும் மாலையணியும் அன்பர்களே! நீங்கள் விடமுடியாதவர்கள் அல்லர். பன்முறை விட்டுக் காட்டியவர்கள். இவ்வாண்டு மாலையைக் கழற்றுங்கள். அந்த ஒரு விரதத்தை மட்டும் கழற்றாதிருங்கள்.

விரதம் இல்லாதவரும் விடலாம். அதற்குரிய முறைகளைச் சுருக்கமாகக் கூறுவேன்.

முதலாவது, ஒரு நாளைக் குறித்துக்கொள்க. கிருத்திகையோ, பிள்ளையின் பிறந்த நாளோ, எதுவாயினும் இரண்டு வாரங்களுக்குள் அமைதல் நன்று. மனைவி மக்களுக்கும், உடன் தொழில் செய்வோர்க்கும் முன்னரே சொல்லிவிடுக.

இரண்டாவது, முதல்நாளிரவே வீட்டிலும் வண்டியிலும் தறியருகிலும் உள்ள பெட்டி, தீப்பெட்டி, சாம்பற் கிண்ணம் அனைத்தையும் அகற்றுக.

மூன்றாவது, வேட்கை எழுமாயின் அஃது எப்போதும் நிலைத்திருப்பதன்று, சில நிமிஷங்களில் அடங்கும் என்பதை நினைவிற் கொள்க. சினம் தணிந்த இடமாதலால் நம் ஊர் தணிகை எனப் பெயர் பெற்றது என்பர். வேட்கையும் அங்ஙனமே, ஐந்து நிமிஷம் பொறுத்தால் தணியும். அதற்குள் ஒரு குவளை நீர் அருந்துக. சிறிது நடந்து வருக. வாயில் ஓர் ஏலக்காயையோ கிராம்பையோ இடுக.

நான்காவது, டீக்கடை, மது, சீட்டாட்டம் என எவை சிகரெட்டோடு சேர்ந்து வருமோ அவற்றை முதல் மாதத்திலேனும் விலக்குக.

ஐந்தாவது, மிகுதியாகப் பழகியவர் டாக்டரைக் கலந்துகொள்வதில் வெட்கமில்லை. நிக்கோட்டின் கலந்த மெல்லும் பசை முதலிய உதவிகள் உள. சிகரெட்டுப் பெட்டியின் மேலேயே 1800-11-2356 என்னும் கட்டணமில்லாத தொலைபேசி எண் அச்சிடப்பட்டுள்ளது. விட விரும்புவோர்க்கு ஆலோசனை கூறவே அஃது ஏற்பட்டது.

ஆறாவது, ஒருமுறை தவறினால் “போயிற்று” என்று எல்லாவற்றையும் கைவிடற்க. மலையேறும்போது ஒரு படியில் இடறியவர் அடிவாரத்திற்கே இறங்கிச் செல்வதில்லை. நம் மலையின் படிகள் 365. ஆண்டின் நாட்களும் அவையே. நாளொரு படியாக ஏறுக.

பிறரை விடச் செய்ய விரும்புவோர்க்கும் ஒரு சொல். தாய்மார்களே! ஏசுதலாலும், பிறர் முன்னிலையில் நாணச் செய்தலாலும் ஒருவரும் விட்டதில்லை; ஒளிந்து பிடிக்கவே கற்பர். விட்ட முதல் வாரத்தில் அவர் சினந்தால் அது நிக்கோட்டின் பேசும் பேச்சு எனப் பொறுத்துக்கொள்ளுங்கள். மிச்சமான பணத்தை ஓர் உண்டியலில் கண்முன்னே சேர்த்து வையுங்கள். பெரியோர்களே! “அண்ணே, ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்” என்று விட்டவரிடம் நீட்டுதல் அன்பாகாது.

பிள்ளைகளைக் கடைக்கனுப்பிச் சிகரெட்டு வாங்கிவரச் சொல்லும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். மகாத்மா காந்தி தம் சத்திய சோதனையில், சிறுவயதில் தம் சிற்றப்பனார் பிடித்தெறிந்த துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்ததையும், பின் அதற்காகக் காசு திருடியதையும் கூறியுள்ளார். வீட்டிலுள்ள பெரியவரே பிள்ளைக்கு முதற் பாடபுத்தகம். 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயதிற்குட்பட்டவர்க்கு இப்பொருளை விற்றல் குற்றம். பள்ளியிலிருந்து நூறு கஜத்திற்குள் விற்றலும் குற்றம். பொது இடங்களிற் புகைபிடித்தல் 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் தடுக்கப்பட்டுள்ளது. நம்முள் பெட்டிக்கடை வைத்துப் பிழைப்போரும் உளர். அவர் பிழைப்பை யான் குறை கூறவில்லை. சிறுவர் கையிற் கொடாதிருத்தல் என்னும் ஒரு தர்மத்தையேனும் அவர்கள் காக்க வேண்டுகின்றேன். அருகிலுள்ள திருமலையில் புகைக்கு இடமில்லை என்பதை அறிந்து, மலையேறுமுன் பெட்டியை எறிந்துவிட்டுச் செல்பவர் நாம். சுவாமி முன்னிலையில் ஆகாதது குழந்தை முன்னிலையில் மட்டும் ஆகுமோ?

இனி என் விண்ணப்பம். நம் கலியாணங்களில் வெற்றிலைத் தட்டோடு சிகரெட்டுத் தட்டும் வைக்கின்றோம். துக்க வீட்டில் இரவு விழித்திருப்போர்க்குப் பீடிக்கட்டு வாங்கி வைத்தல் கடமையாகவே கருதப்படுகின்றது. மார்பு நோயால் மாண்டவர் வீட்டிலும் இது நடத்தல் எவ்வளவு பரிதாபம்! வைக்காவிட்டால் “கருமி” என்று ஊர் பேசுமோ என ஒவ்வொரு வீட்டாரும் அஞ்சுகின்றனர். தனியொரு வீட்டால் மாற்றவியலாத வழக்கத்தைச் சங்கம் ஒன்று கூடின் ஒரே நாளில் மாற்றலாம். சங்கத்தின் பயனும் இதுவன்றோ?

வழக்கத்தை வெறுமனே நீக்குதல் அரிது. அதனிடத்தில் வேறொன்றை வைத்தல் எளிது. ஆங்கிலப் புத்தாண்டில் வெள்ளைத் துரைமார்களைக் கண்டு வணங்கி நின்ற ஜனங்களை நோக்கி வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் வெறுங் கண்டனம் செய்யவில்லை. தணிகைத் துரையை முதலில் வணங்குவோம் என்று படித் திருவிழாவை ஏற்படுத்தினார். துரைமார் போயினர், டிசம்பர் 31-ஆம் நாள் படிபூஜை இன்றும் நடைபெறுகின்றது. நாமும் அங்ஙனமே செய்வோம். முத்துசுவாமி தீட்சிதர் இம்மலைக்கு வந்தபோது முருகப்பெருமான் முதியவராய்த் தோன்றி அவர் வாயில் கற்கண்டை இட்டருளினார் என்பது கர்ண பரம்பரை. அந்தக் கற்கண்டே சிகரெட்டுத் தட்டின் இடத்தை அடையட்டும். துக்க வீட்டில் பீடிக்கட்டிற்குப் பதிலாகச் சுக்குநீர் வைக்கப்படட்டும். “நம் மரபினர் வீட்டு விசேஷங்களிலும் துக்கங்களிலும் புகைப்பொருள் வழங்குவதில்லை” என்னும் தீர்மானத்தை இச்சபை நிறைவேற்றுமாறும், சங்கக் கட்டடத்திற்குள் அதனை இன்று முதலே அனுசரிக்குமாறும் தலைவரவர்களை வேண்டிக்கொள்கின்றேன்.

“வயதாகிவிட்டது, இனி விட்டு என்ன பயன்?” என்பார்க்கு ஒரு சொல்லால் முடிக்கின்றேன். முன்னர்க் கூறிய டால் அவர்களின் ஆராய்ச்சிப்படி, முப்பது வயதில் விட்டவர் இழக்கவிருந்த பத்தாண்டுகளையும் ஏறக்குறைய மீட்கின்றனர். நாற்பதில் விட்டவர் ஒன்பதும், ஐம்பதில் விட்டவர் ஆறும், அறுபதில் விட்டவரும் மூன்றாண்டும் மீட்கின்றனர். மூன்றாண்டு என்பது ஒரு பேத்தியின் கலியாணத்தைக் காணப் போதிய காலம். அதனை எந்தச் சிகரெட்டிற்காக விற்கப் போகின்றோம்?

1960 ஏப்ரல் முதல் நாளன்று இவ்வூர் தமிழகத்தோடு சேரும் வரை நம் பெரியோர் பல்லாண்டு எல்லைக்காகப் போராடினர். அவர் மக்களாகிய நாம் நம் வீட்டு வாயிற்படியாகிய சிறிய எல்லையைப் புகையிடமிருந்து காத்தல் இயலாததன்று. தணிகைப்பெருமான் திருவருள் துணைநிற்க.