தானாக முளைத்த செடி: பிடுங்குமுன் பார்ப்போம், உண்ணுமுன் கேட்போம்

(மட்டக்களப்பு வாவிக்கரையில் புதிதாக வீட்டுத்தோட்டம் தொடங்கிய குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



1977, 1983 இனக்கலவரங்களுக்குப் பின் மலையகக் குடும்பங்கள் பல வடக்கிலும் கிழக்கிலும் வந்து குடியேறின. தேயிலை மலையில் புல்லு வெட்டிப் பழகிய கைகள் நம்முடையவை. அங்கே சட்டம் ஒன்றுதான்: தேயிலை தவிர மற்றதெல்லாம் புல்லு. வீட்டுத்தோட்டத்துக்கு அது சரிவராது. இங்கே தானாக முளைப்பவற்றில் சில கறிக்கு உதவும், சில உயிரையே எடுக்கும். ஆகவே முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம்.

மாரி மழை விழுந்து ஒரு கிழமைக்குள் மணல் பாத்தி முழுக்கப் பச்சையாகிவிடும். இதில் நாம் போட்ட விதை எது? விதையை வீசாமல், கயிறு பிடித்து வரிசையாகப் போட்டால் இந்தக் குழப்பம் பாதி தீரும். வரிசையில் வருவது நம் பயிர். இடையில் வருவது விருந்தாளி. முதல் இரண்டு இலையை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. அடுத்த இலைகள் வரும்வரை பொறுப்போம்.

விருந்தாளிகளில் நல்லவர்களும் உண்டு. குப்பை உரத்தோடு வந்த தக்காளியை இலையைக் கசக்கினாலே வாசம் காட்டிக்கொடுக்கும். அதைப் பிடுங்கி நல்ல இடத்தில் நடலாம். குப்பைக்கீரை, பொன்னாங்காணி, முள்ளுக்கீரையின் இளங்குருத்து எல்லாம் சுண்டலுக்கு ஆகும். தானாக வந்த சுரை, பூசணியில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். பிஞ்சில் சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிடுங்கள், அந்தக் காயைச் சமைக்க வேண்டாம். அந்தக் கசப்பே நஞ்சு.

இனி மூன்று பேரைக் கட்டாயம் தெரிந்துவைக்க வேண்டும்.

முதலாவது கார்த்திகைப் பூக் கொடி. சிங்களத்தில் நியங்கலா. மழையோடு வேலியோரம் முளைத்து, சிவப்பும் மஞ்சளுமாய் நெருப்புப்போல் பூக்கும். அழகுதான். ஆனால் அதன் கிழங்கை வத்தாளங்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. அவித்தாலும் அந்த நஞ்சு போகாது. அடையாளம் இலை நுனியில்தான்: சுருண்டு, பக்கத்துக் கொம்பைப் பிடித்துக்கொள்ளும். வத்தாளை இலை அப்படிச் சுருளாது. கொடி பட்டுப்போனபின் கிழங்கு மட்டும் மண்ணில் கிடக்கும். அப்போதுதான் ஆபத்து அதிகம். நாம் நடாத இடத்தில் கிடைத்த கிழங்கை அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

இரண்டாவது ஊமத்தை. சின்னதில் கத்தரிக் கன்று மாதிரித் தெரியும். வெள்ளைப் புனல் போன்ற பூவும், முள்ளுக் காயும் வந்தபின் சந்தேகமில்லை. இலையும் விதையும் நஞ்சு. தின்ற பிள்ளைக்கு வாய் உலரும், கண்மணி விரியும், பிதற்றும்.

மூன்றாவது பாத்தீனியம். 1999இல் வவுனியாவில் அடையாளம் காணப்பட்ட களை இது. கரட் இலை போன்ற இலை, பொடி வெள்ளைப் பூ. ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். வாங்கிவந்த எருவோடும், வண்டிச் சக்கரச் சேற்றோடும் வந்துவிடும். தோலில் பட்டால் சொறி, மூச்சோடு போனால் இழுப்பு. கையில் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு, பூக்குமுன் வேரோடு பிடுங்கி அழிக்க வேண்டும். பூத்த செடியைக் குப்பைக் குழியில் போட்டால் அடுத்த வருசம் தோட்டமெல்லாம் அதுதான்.

யாராவது தெரியாத எதையாவது தின்றுவிட்டால் கைமருந்து செய்து நேரத்தைப் போக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தின்ற செடியில் ஒரு கிளையையோ மிச்சக் கிழங்கையோ கையோடு எடுத்துப்போங்கள். டாக்டருக்கு அதுவே பெரிய உதவி.

மலையில் நமக்குத் தெரிந்த செடி வேறு, இந்த மணலில் வளர்வது வேறு. படுவான்கரையில் வயல் செய்யும் வயதான அம்மாமாரைக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வார்கள். விவசாயப் போதனாசிரியரிடமும் காட்டலாம். கேட்பதில் வெட்கமில்லை. நாம் அறிந்ததை நம் பிள்ளைகளுக்கும் பாத்தியில் வைத்தே காட்டிக்கொடுப்போம்.