இல்லத்தில் வைத்திருக்கத் தக்க டெவலப்பர் எது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

புலவர் பெருமக்கள் பேசி அமர்ந்த மேடையில், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு நாள் முழுதும் ரயில்வே அலுவலகத்தில் கணக்கு எழுதும் ஒரு குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணக்கூடும். நாமும் அவ்வாறே எண்ணினோம். ஆயினும், "கறுப்பு வெள்ளைப் படம் வீட்டிலேயே கழுவுகிறீர்களாமே, அதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று செயலாளர் அவர்கள் பணித்துவிட்டார்கள். மேலிடத்து உத்தரவை மறுக்கும் பழக்கம் ரயில்வேக்காரருக்கு இல்லை. ஆகவே வந்து நிற்கிறோம்.

ஆளுக்கொரு செல்பேசி இருக்கும் இக்காலத்தில் பிலிம் எதற்கு என்று கேட்பீர்கள். நாம் வாழும் இந்தத் திருவனந்தபுரத்துக்கும் படக்கலைக்கும் உள்ள உறவு நெடியது. திருவிதாங்கூர் அரசின் படக்காரராக இருந்த சக்கரியாஸ் டி குரூஸ் எடுத்த படங்கள், 1900ஆம் ஆண்டில் கர்சன் பிரபு இங்கு வந்த காலத்து ஆல்பமாக இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. 1959இல் இந்நகரில் ஸ்டூடியோ தொடங்கிய சிவன் அவர்கள் 'செம்மீன்' படத்தின் நிழற்படங்களை எடுத்தவர், 2021இல் மறைந்தார். படம் எடுக்கச் சென்னைக்கு ஓடிய நிலையை மாற்றவென்று 1980இல் திருவல்லத்தில் சித்ராஞ்சலி ஸ்டூடியோ எழுந்தது. நம் தமிழகத்து உதகையிலோ, 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்னும் பெயரில் சுருள்களைச் செய்து தந்தது. அதன் இயந்திரங்கள் ஓய்ந்துவிட்டன. ஆயினும் அந்நாளில் எடுத்த நெகடிவ்கள் நம் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் இன்னும் கிடக்கின்றன அல்லவா?

டெவலப்பர் என்பது யாது? பிலிமின் மேல் பூசிய ஜெலட்டினில் வெள்ளி உப்பின் நுண்துகள்கள் உள்ளன. ஒளி பட்ட துகளில் கண்ணுக்குப் புலனாகாத ஒரு தடம் விழுகிறது. அந்தத் தடமுள்ள துகளைக் கரிய வெள்ளியாக மாற்றுவதே டெவலப்பரின் பணி. தமிழில் உருத்துலக்கி என்பர். ஒளி படாத உப்பைப் பின்னர் ஹைப்போ கரைத்து நீக்கிவிடும். ஹைப்போவில் நேர்ந்த பிழையைப் பெரும்பாலும் திருத்தலாம். மீண்டும் நனைத்தால் தீரும். டெவலப்பரில் பிழைத்தால் திருத்த வழியே இல்லை. ஒரு சுருளை ஒரு முறைதான் கழுவ முடியும்.

இதை நாம் நூலில் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தோம். 2017ஆம் ஆண்டு ஓணத்தின்போது நாகர்கோவிலிலிருந்து நம் தாயார் வந்திருந்தார். காலனிப் பிள்ளைகள் அத்தப்பூ இட்டார்கள். தாயார் நம் மகளை அருகில் அமர்த்திக்கொண்டு, பூவட்டத்தின் நடுவே நம் ஊர்ப் புள்ளிக்கோலம் ஒன்றை அரிசிமாவால் இழைத்தார். அதை 35 மில்லிமீட்டர் சுருளில் எடுத்தோம். ஊர் திரும்பிய தாயார் அடுத்த திங்களே காலமானார்.

காரியங்கள் முடிந்து வந்து அச்சுருளைக் கழுவ அமர்ந்தோம். அலமாரியில் பாதிப் புட்டி டி-76 இருந்தது. கலக்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. நிறம் தேநீர் போல் பழுத்திருந்தது. புதிய பொட்டலம் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் கணக்கு எழுதிப் பழகிய கைக்கு எதையும் வீணாக்க மனம் வருவதில்லை. பழையதையே ஊற்றினோம். சுருள் கண்ணாடி போல் வெளுத்து வந்தது. ஓரத்தில் இருக்க வேண்டிய எண்களும் எழுத்துகளும்கூட இல்லை. ஓர எண்கள் தெரிந்து படம் மட்டும் இல்லையெனில் பிழை காமிராவில். எண்களும் இல்லையெனில் பிழை பெரும்பாலும் மருந்தில். பிழை நம்முடையதே. செல்பேசியில் தாயாரின் படங்கள் வேறு உள்ளன. அந்தக் கோலம் மட்டும் எதிலும் இல்லை.

அன்றுமுதல், வீட்டில் எந்த டெவலப்பரை வைப்பது என்ற கேள்வியை விளையாட்டாகக் கருதுவதை விட்டோம். அப்போது நம்மிடம் ஆறு வகை மருந்துகள் இருந்தன. இப்போது இரண்டே உள்ளன. ஏன் என்பதைக் கூறுகிறோம்.

முதலாவது டி-76. கோடாக் நிறுவனத்தார் 1920களில் திரைப்படச் சுருளுக்கென்று அமைத்தது. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெங்காரம் 2 கிராம், இவ்வளவே. இல்ஃபோர்டாரின் ஐடி-11 இதன் உடன்பிறப்பு. மனித முகங்களுக்கு இதமாகவும், துகள் அதிகம் தெரியாமலும் படம் தரும். உலகெங்கும் பழகிய மருந்தாதலால் எந்தச் சுருளுக்கும் இதற்குரிய நேரம் அச்சிட்டிருக்கும். குறை யாதெனில், கலக்கிய பின் ஆயுள் குறுகியது. நிறைந்த புட்டியில் ஆறு மாதம், பாதிப் புட்டியில் இரண்டு மாதம் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. நம் ஊர் வெப்பத்தில் அதையும் நம்பக் கூடாது.

இரண்டாவது ரோடினால். 1891இல் ஜெர்மனியில் ஆக்பா நிறுவனத்தார் விற்கத் தொடங்கியது. இன்று வேறு பெயர்களிலும் வருகிறது. செறிந்த நீர்மம். 300 மில்லி தொட்டிக்கு 1:50 என்னும் அளவில் 6 மில்லி போதும். ஒருமுறை பயன்படுத்திக் கொட்டிவிட வேண்டும். மூடி திறந்த புட்டியும் பல ஆண்டுகள் தாங்கும். கறுத்துப்போனாலும் வேலை செய்யும். டி-76 பழுத்தால் ஐயுற வேண்டும். ரோடினால் கறுத்தால் அஞ்ச வேண்டியதில்லை. நிறத்தை மட்டும் நம்பியவன் இரண்டிலும் ஏமாறுவான். இதன் குறை, வேகமிக்க சுருளில் துகள் தடித்துத் தெரிவது.

இவற்றுள் எது உங்களுக்கு? மருந்தின் பெருமையைப் பார்க்குமுன் உங்கள் சுருள்களை எண்ணுங்கள். டி-76ஐச் சரிபாதி நீர் கலந்து பயன்படுத்தினால் ஒரு லிட்டரில் ஆறு சுருள் கழுவலாம். இரண்டு மாதத்தில் ஆறு சுருள் எடுப்பவருக்கு அதுவே ஏற்றது. இரண்டு மாதத்துக்கு ஒரு சுருள் எடுப்பவர் அதைக் கலக்கினால், பெரும்பகுதி புட்டியிலேயே செத்துப்போகும். அவருக்கு ரோடினாலே துணை. நாம் டி-76ஐப் பொட்டலமாகவே வைத்துக்கொண்டு, நான்கைந்து சுருள் சேர்ந்த பின்னரே கலக்குகிறோம்.

காபித்தூளாலும் கழுவலாம் என்று கேள்வியுற்றிருப்பீர்கள். உண்மைதான். 1995இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரி வகுப்பொன்றில் கண்ட முறை அது. உடனடிக் காபித்தூளும் சலவைச் சோடாவும் சேர்ப்பர். பின்னாளில் வைட்டமின் சியும் சேர்த்தனர். நாமும் செய்து பார்த்தோம்; படம் வந்தது. நாற்றமும் வந்தது. "ஏங்க, இனிமே இந்த வீட்ல காபி கேட்டுராதீங்க" என்று இல்லாள் கூறிவிட்டாள். கலக்கிய அன்றே பயன்படுத்த வேண்டியதாதலால், அது வீட்டில் வைத்திருக்கும் பொருளன்று.

அடுத்து வெப்பம். நூல்கள் கூறும் நேரமெல்லாம் 20 டிகிரிக்கு உரியவை. பங்குனி, சித்திரையில் நம் மாடித் தொட்டி நீர் 30 டிகிரியைத் தாண்டும். வெப்பம் ஏற ஏற மருந்து விரைந்து வேலை செய்யும். நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே இறங்கினால் படம் திட்டுத்திட்டாக அமையும். ஆகவே சரிபாதி நீர் கலந்து நேரத்தை நீட்டுகிறோம். 20 டிகிரியில் 11 நிமிடம் வேண்டும் சுருளுக்கு, 24 டிகிரியில் ஏறக்குறைய 8 நிமிடம் ஆகும். நெல்லைச் சீமையில் மண்பானையே நீரைக் குளிரச் செய்துவிடும்; இங்கே காற்றில் ஈரம் மிகுதியாதலால் பானை அவ்வளவு உதவாது. அகன்ற வாளியில் நீரும் பனிக்கட்டியும் இட்டு, புட்டிகளை அதில் நிறுத்துக. டெவலப்பர், ஹைப்போ, கழுவும் நீர் மூன்றும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தில் இருத்தல் வேண்டும்.

பாதுகாக்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம். மருந்துக்குப் பகை காற்று. பெரிய புட்டியைப் பாதியாக வைக்காமல், சிறு புட்டிகளில் கழுத்துவரை நிரப்புக. குறைந்தால் கோலிக்குண்டுகளைக் கழுவி உள்ளே இட்டு மட்டத்தை உயர்த்தலாம். கலக்கிய தேதியைப் புட்டியின் மேல் எழுதுக. ஒவ்வொரு முறையும் பிலிமின் நாக்கை ஒரு விரற்கடை வெட்டி, வெளிச்சத்திலேயே மருந்தில் இடுக. சில நிமிடத்தில் நன்கு கறுத்தால் மருந்து உயிரோடு உள்ளது. அந்த விரற்கடைப் பிலிமை நாம் அன்று வெட்டியிருந்தால் தாயாரின் கோலம் நம்மிடம் இருந்திருக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இம்மருந்துகளைச் சோடாப் புட்டியிலோ, சமையல் பாத்திரத்திலோ ஊற்ற ஒருபோதும் இடங்கொடாதீர்கள். மெட்டால் சிலருக்குத் தோலில் புண் உண்டாக்கும், ரோடினால் கடுங்காரம். கையுறை வேண்டும், பூட்டுள்ள அலமாரி வேண்டும். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கலந்திருக்கும், கிணற்றருகே கொட்டலாகாது.

இறுதியாக ஒன்று. தாயாரின் பெட்டியை ஒழுங்குபடுத்தியபோது, கழுவாத 120 சுருள் ஒன்று கிடைத்தது. தந்தையார் தம் ஆக்பா கிளிக் காமிராவில் எடுத்தது. அவர் பணியிலிருக்கும்போதே மறைந்தவர். அவர் இடத்தில்தான் நமக்கு இவ்வேலை கிடைத்தது. ஓராண்டு அச்சுருளை நாம் தொடவில்லை. பின்னர் புதிய டி-76 கலக்கி, வேறு பிலிம் துண்டில் இருமுறை சோதித்து, அதன் பிறகே கழுவினோம். பன்னிரண்டு படங்களில் ஏழு மூட்டமாய் மறைந்துபோயின. ஐந்து தெரிந்தன. ஒன்றில், சங்குமுகம் கடற்கரையில் இளவயதுத் தாயார் நம்மை இடுப்பில் ஏந்தி நிற்கிறார். இழந்த கோலத்துக்கு இது ஈடன்று. ஆயினும் இது இருக்கிறது.

உங்கள் பெட்டிகளிலும் இத்தகைய சுருள்கள் இருக்கலாம். இருந்தால் திறவாமல் கொண்டுவாருங்கள். ஞாயிறு மாலைகளில் சேர்ந்து கழுவுவோம். மருந்து புதியதாக இருக்கும் என்பதற்கு நாம் பொறுப்பு.